தாயின் பெயர் எழுதும் கட்டம்

ஈப்போ, மலாயா
11 பெப்ரவரி 1959

அன்புள்ள அருந்ததி அக்காவுக்கு சிவனேஸ்வரி எழுதுவது.

தைப்பொங்கலுக்கு நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. அதில் பாதி நெல்லைப் பற்றி. மீதிப் பாதி பன்றி வேலியை உடைத்ததைப் பற்றி. என் மகளைப் பற்றி இரண்டே வரி, அதுவும் கடிதத்தை மடிக்கிற இடத்தில். அடுத்த முறை பன்றிக்கு இரண்டு வரி போதும் அக்கா. இரஞ்சி என்ன சாப்பிடுகிறாள், தலைமயிர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, என்னைக் கேட்கிறாளா என்று எழுதுங்கள்.

இப்போது அவசரமான விஷயம். இவருடைய ரயில்வேக் கந்தோரில் எல்லோரும் ஒரு புதுச் சட்டத்தைப் பற்றித்தான் கதைக்கிறார்களாம். நவம்பர் முதலாம் தேதியிலிருந்து, ஆறு வயது முடிந்த பிள்ளைகளை ஊரிலிருந்து இங்கே கொண்டுவர விடமாட்டார்களாம். தாய் தகப்பன் இங்கே இருந்தாலும் விடமாட்டார்களாம். இரஞ்சிக்கு ஐப்பசியில் ஆறு முடிகிறது. அதற்கு முன் அவள் இங்கே வந்து இறங்கிவிட வேண்டும்.

நான் கப்பலேறிய நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவளுக்குக் கக்குவான் இருமல் என்று துறைமுகத்து டாக்டர் ஏற விடவில்லை. என் அனுமதிக் கடிதத்துக்கு அன்றுதான் கடைசி நாள். நான் ஏறினேன். நீங்கள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு உடையார்கட்டுக்குத் திரும்பினீர்கள். ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். இரண்டு வருடமாகிவிட்டது.

இனிக் கேளுங்கள். இங்கே குடிவரவுக் கந்தோரில் அவளுடைய பிறப்புப் பத்திரம் வேண்டுமாம். வெறும் பத்திரம் செல்லாது. கொழும்பில் பதிவாளர் நாயகம் கந்தோரில் அது உண்மையான பத்திரம் என்று முத்திரை குத்தவேண்டும். பிறகு வெளிவிவகாரக் கந்தோரில் அந்த முத்திரை உண்மையான முத்திரை என்று இன்னொரு முத்திரை குத்தவேண்டும். ஒரு முத்திரைக்கு இன்னொரு முத்திரை சாட்சி சொல்லவேண்டுமாம், என்ன உலகம் பாருங்கள். பதிவுக்குப் போனது உங்கள் மனுசன் இளையதம்பி அண்ணை என்றபடியால் பத்திரம் உங்கள் வீட்டில்தான் இருக்கும். நான் அதை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை.

இவரோடு வேலை செய்கிற தில்லைநாதன் அண்ணை, தண்ணீரூற்று ஊர்க்காரர், சித்திரையில் குடும்பத்தோடு லீவில் வருகிறார். புரட்டாதியில் திரும்புகிறார். இரஞ்சியை அவர்களோடு அனுப்பிவிடுங்கள்.

மூன்று பிள்ளைகளைப் புதைத்த பிறகு கிடைத்தவள் அக்கா அவள். பிறந்த மூன்றாம் நாள் எங்கள் இரண்டு காணிக்கும் நடு வேலிக்கு மேலால் அவளை உங்களிடம் நீட்டி, ஒரு கொத்துத் தவிடு வாங்கிக்கொண்டு விற்றோமே. காலன் வந்து கேட்டால் இந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று சொல்ல. உங்கள் வீட்டுப் படியைச் சாவு மிதித்ததேயில்லை, அந்த வீட்டுப் பிள்ளையென்றால் அவன் தேடமாட்டான் என்று ஊரே சொன்னது. அவள் தப்பினாள். அந்த நன்றியை நான் மறக்கமாட்டேன். இப்போது அவளை எனக்குத் திருப்பித் தாருங்கள்.

உங்கள் அன்புத் தங்கச்சி
சிவனேஸ்வரி


உடையார்கட்டு
9 மார்ச் 1959

அன்புத் தங்கச்சி சிவனேஸ்வரிக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. பதில் எழுதப் பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

முதலில் நீ கேட்டதை எழுதுகிறேன். இரஞ்சியின் தலைமயிர் இடுப்புக்கு வருகிறது. மீன் என்றால் முள்ளோடு தின்பாள், கீரையைக் கண்டால் ஓடுவாள். உன்னை மலாயா அம்மா என்று சொல்லுவாள். உன் படத்தை அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். விளக்கு வைத்ததும் அதற்கு ஒரு கும்பிடு போடுவாள். சாமிப் படமில்லை, அது அம்மா என்று சொன்னால் சிரிப்பாள்.

பத்திரம் என் பெட்டகத்தில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. நீ பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கமாட்டாய். அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். பிள்ளையின் பெயர் என்ற கட்டத்தில் இரஞ்சிதம். தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் வல்லிபுரம் இளையதம்பி. தாயின் பெயர் என்ற கட்டத்தில் அருந்ததி.

என்னைத் திட்டுவதற்கு முன் உன் மனுசனைக் கேள். தவிடு வாங்கின அன்று பின்னேரம் கனகலிங்கம் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். நீ பிள்ளை பெற்ற அறையில் கிடந்தாய், உனக்கு ஒன்றும் தெரியாது. முகம் வெளிறிப் போயிருந்தார். என் மனுசனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அண்ணை, வாயால வித்தது காணாது. எழுத்திலயும் விக்கவேணும். அவன் வந்தால் எழுத்தைத்தான் பாப்பான்." கந்தோரில் வேலை பார்க்கிற ஆளுக்குக் காலனும் ஒரு கிளாக்கர் போலத்தான் தெரிந்திருக்கிறது. இருவரும் ஒரே சைக்கிளில் புதுக்குடியிருப்புப் பதிவுக் கந்தோருக்குப் போனார்கள். என் மனுசன் தகப்பன் என்று கையெழுத்துப் போட்டார். உன் மனுசன் வெளியில் மரத்தடியில் நின்றாராம்.

நான் அப்போதே கேட்டேன், இது பிறகு கரைச்சலாகாதா என்று. "நாலைஞ்சு வரியத்தில பாப்பம் அக்கா, முதல் பிள்ளை இருக்கட்டும்" என்றார். பிள்ளை இருந்துவிட்டது. பத்திரமும் இருக்கிறது.

போன கிழமை என் மனுசன் ஊர் விதானையாரிடம் யாரோ ஒருவருடைய கதை மாதிரிக் கேட்டுப் பார்த்தார். பொய்ப் பதிவுக்கு மறியல், கம்பி எண்ணவேண்டியதுதான் என்று விதானையார் சொன்னாராம். சொல்லிவிட்டு, "ஆற்றை கதையப்பா இது?" என்று, கதை யாருடையது என்று தேடுவது போல இவருடைய முகத்தையே பார்த்தாராம். அன்றிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை.

யோசித்து எழுது.

அக்கா அருந்ததி


ஈப்போ
28 மார்ச் 1959

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன். வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், திரும்பக் கழற்றினார். பிறகு, "பயத்தில செய்தனான்" என்றார். அவ்வளவுதான். தவிட்டுக் கதையைச் சொல்லி இங்கே கூட்டாளிகளோடு சிரிக்கிற மனிதர், ஊர்ப் பெண்களின் மூடத்தனம் என்று எனக்குப் பாடம் நடத்துகிற மனிதர்! ஐந்து வருடத்துக்கு மேலாக என் மகளை இன்னொருத்தியின் பெயரில் எழுதிவைத்துவிட்டு என் பக்கத்தில் படுத்திருக்கிறார். இரண்டு நாள் அவருக்குச் சோறு போட்டேன், பேச்சுக் கொடுக்கவில்லை.

உங்களில் எனக்குக் கோபமில்லை அக்கா. இருக்கிறது, ஆனால் அது பிறகு. இப்போது வேலையைப் பார்ப்போம்.

இங்கே சட்டம் பார்க்கிற ஒரு பிறக்கிராசியிடம் போனோம். பதிவைத் திருத்தலாமாம். நான்தான் பெற்றேன் என்று நான் சத்தியக் கடதாசி முடித்துத் தரவேண்டும். நான் பெறவில்லை என்று நீங்கள் முடித்துத் தரவேண்டும். இரண்டையும் வைத்து வவுனியா அரசாங்கக் கச்சேரியில் விண்ணப்பம் கொடுத்தால், விசாரித்துத் திருத்துவார்களாம். அதன் பிறகுதான் கொழும்பு முத்திரை. என்னுடையதை முடித்து இத்தோடு வைத்திருக்கிறேன். குற்றம் முழுவதும் தன்னுடையது, இளையதம்பி அண்ணை தன் சொல்லைக் கேட்டுத்தான் செய்தார் என்று இவரும் ஒன்று எழுதி வைத்திருக்கிறார். மறியல் என்றால் அது இவருக்குத்தான். அண்ணையைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. சமாதான நீதவானுக்கு முன்னால் நின்று, இந்தப் பிள்ளை என் வயிற்றில் பிறக்கவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும்.

விற்ற பிள்ளையைத் திரும்ப வாங்குகிற சடங்கை நாங்கள் செய்யவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. தில்லைநாதன் அண்ணையிடம் உங்களுக்கு ஒரு சேலையும் அண்ணைக்கு வேட்டியும் கொடுத்துவிடுகிறேன். அவர் கையால் அரிசி தந்து வாங்கட்டும்.

சிவனேஸ்வரி


உடையார்கட்டு
2 ஜூன் 1959

அன்புத் தங்கச்சிக்கு,

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன்.

மே மாதம் பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை முல்லைத்தீவுக்கு பஸ்ஸில் போனோம். சமாதான நீதவான் நல்ல மனிதர், கதிரை தந்து இருக்கச் சொன்னார். கடதாசியை வாசித்துக் காட்டிவிட்டு, "விளங்கினதோ அம்மா? இந்தப் பிள்ளைக்கும் உங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை எண்டு நீங்கள் சொல்லுறியள்" என்றார். ஓம் என்றேன். இரஞ்சி என் மடியில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை என் மனுசன் பரந்தனில் ரயிலேறி வவுனியாவுக்குப் போய் விண்ணப்பத்தைக் கச்சேரியில் கொடுத்தார். பகல் பதினொரு மணிக்குக் கொடுத்தாராம். இங்கே அவள் பகல் சோற்றைத் தொடாமல் எழும்பினாள். தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது.

ஏழு நாள் தங்கச்சி. மூன்றாம் நாள் வலிப்பும் வந்தது. கண் மேலே செருகிவிட்டது, வாய் ஒரு பக்கம் இழுத்தது. உன் மற்றப் பிள்ளைகளுக்கு எப்படி வந்ததென்று உனக்குத் தெரியும், நான் எழுதத் தேவையில்லை.

காய்ச்சலுக்கு நடுவில் ஒரு பின்னேரம் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். முற்றத்தைக் காட்டி, "அம்மா, அதில ஒராள் நிக்குது" என்றாள். ஒருவரும் இல்லை. வைக்கோல் போர் மட்டும்தான். "ஒருத்தரும் இல்லையடி குஞ்சு" என்றேன். "நிக்குது. நீ ஆற்றை பிள்ளை, ஆற்றை பிள்ளை எண்டு கேக்குது" என்றாள்.

ஐந்தரை வருடம் ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் கச்சேரிக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் கேட்டது.

இப்போது காய்ச்சல் இல்லை. மெலிந்துவிட்டாள். விசாரணைக்கு ஒருவர் வருவார் என்று கச்சேரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வருகிறவரிடம் விண்ணப்பத்தைத் திருப்பித் தரச் சொல்லட்டா? நீயே சொல். உன் சொற்படி செய்கிறேன்.

அருந்ததி


ஈப்போ
15 ஜூன் 1959

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நான் நானாக இல்லை. அடுப்பில் சோறு கருகுவது தெரியாமல் நின்றேன். இரண்டாவது பிள்ளையின் கண் செருகினது எனக்கு அப்படியே முன்னால் நிற்கிறது. அப்போது அவனை மடியில் வைத்திருந்தது நீங்கள்தான்.

இவர் நம்பவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், ஒளிக்கவில்லை. "பிள்ளையை அனுப்ப மனமில்லாமல் கட்டிற கதை" என்கிறார். "ஏழு நாள் காய்ச்சல், வலிப்பு வேற, ஒரு டாக்டரிட்டயும் கொண்டுபோகேல்லையே? கடிதத்தில டாக்டர் எண்ட சொல்லே இல்லை, பார்" என்கிறார். நான் திரும்ப வாசித்தேன். அந்தச் சொல் இல்லைதான்.

நான் யாரை நம்புவது? பகலில் இவரை நம்புகிறேன். பொழுதுபட்டால் உங்களை நம்புகிறேன். எழுத்தை மாற்றினால் அவள் போய்விடுவாள் என்றால் எனக்கு எழுத்தே வேண்டாம். ஆனால் நவம்பர் வந்துவிட்டால் அவளை நான் எப்போது காண்பது? அவள் கலியாணத்துக்கு ஊருக்கு வந்து, விருந்தாளிகளோடு நின்று பார்ப்பதா?

அதனால் இப்படிச் செய்யுங்கள். விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கவேண்டாம். பிள்ளையை டாக்டரிடம் காட்டி, அவர் என்ன சொன்னார் என்று அவருடைய கையால் ஒரு கடதாசித் துண்டு எழுதி வாங்கி அனுப்புங்கள். தில்லைநாதன் அண்ணையை வந்து பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். விசாரணைக்கு வருகிறவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கோபிக்காதீர்கள். என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள்.

சிவனேஸ்வரி


உடையார்கட்டு
20 ஜூலை 1959

சிவனேஸ்வரிக்கு,

துண்டு கேட்டீர். இரண்டு வருடம் உம்முடைய பிள்ளையின் இருமலுக்கும் சிரங்குக்கும் நான் மருந்து போட்டபோது ஒருவரும் துண்டு கேட்கவில்லை. துணியும் சட்டையும் கப்பலில் வந்தன, அதற்கு நான் துண்டு கேட்கவில்லை.

தில்லைநாதன் வந்தார். தேத்தண்ணி குடித்தார். பிள்ளையைக் கூப்பிட்டு நாக்கை நீட்டச் சொன்னார், மாட்டுக்காரன் மாடு பார்ப்பது போல. பிள்ளை ஓடித் திரிகிறாள், சுகமாக இருக்கிறாள் என்று உமக்கு எழுதியிருப்பார். ஓம், சுகமாகத்தான் இருக்கிறாள். சேலையும் வேட்டியும் கொண்டுவந்தார். வாங்கி வைக்கவில்லை. அரிசியை அவர் முற்றத்தில் வைத்துவிட்டுப் போனார், கோழிகள் தின்றன.

கச்சேரியிலிருந்து விசாரணைக்காரர் ஏழாம் தேதி வந்தார். வெள்ளை உடுப்பு, கையில் ஒரு கடதாசிக் கோவை. கேட்டார். நான் பதில் சொன்னேன்.

இங்கே மழையில்லை. குளம் அடியில் கிடக்கிறது. காட்டுக்குள் தண்ணீர் இல்லாமல் யானை வெளியில் வருகிறது என்று பொழுதுபட முதல் எல்லோரும் வாசல் படலையைக் கட்டிவிடுகிறோம். வேறு விசேஷம் இல்லை.

இ. அருந்ததி


ஈப்போ
3 ஓகஸ்ட் 1959

அக்கா,

என்ன பதில் சொன்னீர்கள்?

இந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதம். அவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? துண்டு கேட்டது என் பிழை. காலில் விழுகிறேன். நீர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

பிறக்கிராசி சொல்கிறார், நீங்கள் சத்தியக் கடதாசியில் ஒன்றும் விசாரணையில் வேறொன்றும் சொல்லியிருந்தால், பொய்ச் சத்தியம் செய்தவள் நான் என்றாகிவிடுமாம். அது போகட்டும். மறியலுக்கும் போகிறேன். அவளை மட்டும் கப்பலேற்றிவிடுங்கள். தில்லைநாதன் அண்ணை செப்டம்பர் கடைசியில் புறப்படுகிறார். அவளுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னி முடித்துவிட்டேன், கப்பலில் குளிரும். அளவு தெரியாமல் பின்னினேன், நீங்கள் இடுப்புக்கு வருகிறது என்று எழுதிய தலைமயிரை வைத்துக் கணக்குப் பார்த்து.

பதில் போடுங்கள். ஒரு வரி போதும்.

சிவனேஸ்வரி


உடையார்கட்டு
24 செப்டம்பர் 1959
(தில்லைநாதன் கையில்)

அன்புத் தங்கச்சி சிவனேஸ்வரிக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் என்ன செய்துவிட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். தில்லைநாதன் பிள்ளையை அழைக்க வந்து படலையில் நிற்கிறார். பிள்ளையைக் கொடுக்கவில்லை. இந்த உறையைத்தான் கொடுத்துவிடுகிறேன்.

விசாரணைக்காரர் வந்த நாளைச் சொல்கிறேன். நான் உள்ளதைச் சொல்லத்தான் இருந்தேன். என் மனுசனின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுவேன். இரஞ்சி முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் படலையைத் திறந்து வந்தார். வந்தவர் வைக்கோல் போருக்குப் பக்கத்தில், அவள் காய்ச்சலில் காட்டின அதே இடத்தில் நின்றார். கோவையை விரித்தார். குனிந்து அவளைப் பார்த்து, "பிள்ளை, நீ ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார்.

அவள் கத்தின கத்தலுக்கு அடுத்த காணியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "சொல்லுங்கோ அம்மா, சொல்லுங்கோ" என்றாள். எனக்குக் கச்சேரியும் தெரியவில்லை, சட்டமும் தெரியவில்லை. எழுத்தைப் பார்க்க அவன் வந்துவிட்டான் என்றுதான் தெரிந்தது. "என்ர பிள்ளை" என்றேன். "நான் பெத்த பிள்ளை. அந்தக் கடதாசியில உள்ளது பொய். மலாயாவில இருக்கிறவை பிள்ளை இல்லாமல் கேட்டவை, நாங்கள் இரக்கப்பட்டுக் கையெழுத்து வைச்சனாங்கள்" என்றேன். அவர் எழுதினார். வாசித்துக் காட்டினார். விண்ணப்பம் தள்ளுபடி என்று ஓகஸ்ட் மாதம் கடிதம் வந்தது.

உன்னைப் பிள்ளை இல்லாதவள் என்று சொன்னேன். அந்தச் சொல்லுக்கு என்னை எந்தத் தெய்வமும் மன்னிக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. அவளுக்குக் காய்ச்சல் வந்தது உண்மை. ஆனால் இரண்டு நாள்தான். ஏழு நாள் இல்லை. வலிப்பு வரவில்லை, கண் செருகவில்லை. அது உன் இரண்டாவது பிள்ளைக்கு என் மடியில் நடந்தது, அதைப் பார்த்து எழுதினேன். நீ பயந்து, இருக்கட்டும் அக்கா என்று எழுதுவாய் என்று நினைத்தேன். அவளை அனுப்பப் போகிறேன் என்று நினைத்தாலே எனக்கு மூச்சு நின்றுவிடும் போல இருந்தது. முல்லைத்தீவில் அந்தக் கடதாசியை வாசித்தபோது, ஒரு தொடர்பும் இல்லை என்ற சொல் என்னை அறுத்தது. உன் மனுசன் சொன்னது சரிதான் என்று அவரிடம் சொல். கட்டின கதைதான்.

ஆனால் முற்றத்தில் ஆள் நின்று கேட்டதாக அவள் சொன்னது கட்டினதில்லை. அது அவள் வாயிலிருந்து வந்தது. நான் அதை எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன், எனக்கு விளங்கவில்லை.

உறைக்குள் பத்திரம் இருக்கிறது. நீ கேட்ட முத்திரைகள் இரண்டும் இருக்கின்றன. நானும் என் மனுசனும் கொழும்புக்குப் போய் மூன்று நாள் நின்று எடுத்தோம். கொழும்பில் முத்திரை விழுந்துவிட்டால் இனி அதைப் பொய்ப் பதிவு என்று ஒருவரும் சொல்ல ஏலாது, மறியல் பயமும் இல்லை என்று இவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பதிவாளர் நாயகம் கந்தோரில் ஒருவர் புத்தகத்தைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார், குத்தினார். வெளிவிவகாரக் கந்தோரில் அந்த முத்திரையைப் பார்த்தார்கள், குத்தினார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள். இவர் இப்போது இரண்டு நேரமும் சாப்பிடுகிறார்.

எங்களுக்கு இது தேவையில்லை. இது வெளிநாட்டுக்கென்று செய்த பத்திரம். அதனால் உனக்கு அனுப்புகிறேன்.

அக்கா


ஈப்போ
9 நவம்பர் 1959

திருமதி இளையதம்பி அவர்களுக்கு,

ஒக்டோபர் மூன்றாம் தேதி நானும் இவரும் பினாங்குத் துறைமுகத்தில் காலையிலிருந்து நின்றோம். தில்லைநாதன் அண்ணையின் பிள்ளைகள் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். மூன்றாவது பிள்ளைக்குப் பின்னால் ஒரு சீனக் கிழவர் இறங்கினார். அதன் பிறகும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பளிச் சட்டை கையில் இருந்தது. அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் இவரிடம் உறையைக் கொடுத்தார்.

பத்திரத்தைக் குடிவரவுக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். நாள் முடிய இன்னும் மூன்று கிழமை இருந்தது, ஏதாவது வழி இருக்கும் என்று போனேன். அங்கே இருந்த தமிழ்க் கிளாக்கர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முத்திரையில ஒரு குறையும் இல்லம்மா, எல்லாம் சரியா இருக்கு" என்றார். "இந்தப் பிள்ளைக்குத் தாய் தகப்பன் இரண்டு பேரும் ஊர்ல இருக்காங்களே. உங்களுக்கு என்ன உறவு?" என்றார். பக்கத்துக் காணி என்று சொன்னேன்.

உங்களைப் பற்றிப் பொலிசுக்கு இவர் ஒரு முறைப்பாடு எழுதினார். நாலு பக்கம். உங்கள் கடைசிக் கடிதத்தையும் அதோடு இணைத்தார். நீங்களே உங்கள் கையால் எழுதிய சாட்சி, தப்ப முடியாது என்று பிறக்கிராசி சொன்னார். என் கையெழுத்து ஒன்றுதான் வேண்டியிருந்தது. பேனையை எடுத்தேன். இளையதம்பி அண்ணையையும் உங்களையும் கொண்டுபோய்விட்டால் அன்று பின்னேரம் அவளுக்கு யார் சோறு போடுவார்கள் என்று யோசித்தேன். எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. இவர் ஓர் இரவு முழுக்க என்னோடு சண்டை பிடித்தார். விடிய நாலு பக்கத்தையும் அடுப்பில் போட்டேன். உங்கள் கடிதத்தையும் போட்டேன். பயப்படாதீர்கள், இனி ஒரு சாட்சியும் இல்லை.

சட்டம் இந்த மாதம் முதலாம் தேதி வந்துவிட்டது.

போன கிழமை ரயில்வேயில் எல்லோரிடமும் குடும்ப விபரம் கேட்டுப் படிவம் கொடுத்தார்கள். மனைவி நிரப்பவேண்டிய பக்கம் ஒன்று தனியாக இருந்தது. இவர் அதை என்னிடம் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். என் பெயர், ஊர், வயது எல்லாம் எழுதினேன். பிள்ளைகள் என்று ஒரு கட்டம். உயிரோடு இருப்போர், இறந்தோர் என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இறந்தோர் என்ற பக்கத்தில் மூன்று என்று எழுதினேன். மற்றப் பக்கத்தில், இல்லை என்று எழுதினேன்.

எழுதிவிட்டு அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. இவர் அன்று சொன்னது ஞாபகம் வந்தது, காலன் வந்தால் எழுத்தைத்தான் பார்ப்பான் என்று. அங்கேயும் எழுதியாகிவிட்டது, இங்கேயும் எழுதியாகிவிட்டது. என் பெயரை வைத்து அவளைத் தேடி இனி ஒருவரும் வரமுடியாது. எனக்குப் பயமாக இருக்கிறதா, நிம்மதியாக இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. உங்களை வெறுக்கிறேன் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

அலுமாரிக் கண்ணாடியில் இருக்கிற என் படத்தைக் கழற்றிவிடுங்கள். கம்பளிச் சட்டையைத் தபாலில் அனுப்புகிறேன், யார் தந்தது என்று சொல்லவேண்டாம்.

இனி அவளுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

சிவனேஸ்வரி கனகலிங்கம்